முதுகில் ஏறும் வீடு

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிவரும் நீண்ட லொறிகளை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். முன்னால் இயந்திரத்தோடு கூடிய வண்டி வேறு; பின்னால் வரும் தட்டு வேறு. இரண்டும் எவ்விடத்தில் பொருந்துகின்றன என்று கவனித்ததுண்டா? முன்வண்டியின் முதுகிலே, பின் அச்சுக்கு மேலாக, கிறீஸ் பூசிய தட்டொன்று படுத்திருக்கும். பின்வண்டியின் அடியிலிருந்து இறங்கும் தடித்த உருக்கு முளை, அந்தத் தட்டின் பிளவில் புகுந்து பூட்டிக்கொள்ளும். இந்தத் தட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ஐந்தாம் சக்கரம்' என்பதாகும். குதிரை வண்டிகளின் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக வண்டியின் அடியில் ஒரு சக்கரத்தைப் படுக்கையாகப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்கள் நிலத்தில், ஐந்தாவது படுக்கையில். குதிரைகள் போய்விட்டன, பெயர் தங்கிவிட்டது.

வட அமெரிக்காவிலே இதே பூட்டைக் கொண்டு குடும்பங்கள் வீட்டையே இழுத்துச் செல்கின்றன. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் அடங்கிய கரவன் ஒன்றைக் கெப் வாகனத்தின் முதுகில் பூட்டிக்கொண்டு, விடுமுறையில் மலைக்கும் ஏரிக்கரைக்கும் போய்த் தங்குவது அங்கே சர்வசாதாரணம். இவ்வகைக் கரவன்கள் பெரும்பாலும் பெரியவை. பத்தாயிரம் இறாத்தலைத் தாண்டியவை ஏராளம். அவற்றை இழுக்கும் கெப்களும் அதற்கேற்ற பென்னம்பெரியவை. ஆனால் நாம் 'டபிள் கெப்' என்று அழைக்கும் அளவிலான வாகனம் வைத்திருப்போருக்கும் இந்த ஆசை வருகிறது. அங்கே அதற்கு நடுத்தரக் கெப் என்று பெயர். டொயோட்டா டக்கோமா, போர்ட் ரேஞ்சர், ஷெவர்லே கொலராடோ, ஹொண்டா ரிஜ்லைன் ஆகியன இந்த வகையைச் சேர்ந்தவை.

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உங்கள் தம்பியோ மருமகனோ, "கரவன் ஒன்று பார்த்திருக்கிறோம், நமது கெப் 6,500 இறாத்தல் வரை இழுக்குமாம்" என்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொல்லக்கூடும். அப்போது அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது?" ஏன் அந்தக் கேள்வி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். சாதாரணக் கரவனைக் கெப்பின் பின்பம்பருக்குக் கீழே, ஒரு குண்டின் மீது கொளுவுவார்கள். அந்தக் குண்டு பின் அச்சிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி பின்னால் நிற்கிறது. பிள்ளைகள் விளையாடும் சீசோ பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுதான் நடுத்தாங்கி. பின்னால் பாரம் அழுத்தினால் முன்பக்கம் எழும். முன்சக்கரங்களின் பிடி தளர்ந்தால் ஸ்டியரிங்கின் பிடியும் தளரும் அல்லவா? அது மாத்திரமன்று. பெரிய லொறியொன்று பக்கத்தால் விரைந்து கடக்கும்போது எழும் காற்று கரவனின் பக்கத்தில் மோதும். கரவன் வாலை ஆட்டும். நான்கு அடி நீளமான அந்த நெம்புகோல், வாலின் ஆட்டத்தைக் கெப்பின் பின்புறத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வேகம் கூடியிருந்தால் இந்த ஆட்டம் தானாகவே வளர்ந்து, இரண்டு வண்டிகளையும் வீதிக்குக் குறுக்கே புரட்டிவிடுவதும் உண்டு.

ஐந்தாம் சக்கரத்தில் அந்த நெம்புகோலே இல்லை. முளை இறங்கும் இடம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சில அங்குலம் முன்னே. கரவன் எவ்வளவு தள்ளினாலும் கெப்பைப் பக்கவாட்டில் திருப்பும் வலு அதற்குக் கிடைப்பதில்லை. முன்சக்கரங்களும் நிலத்தைவிட்டு இலேசாவதில்லை. பக்கக் காற்றில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஐந்தாம் சக்கரத்தையே விரும்புவதில் வியப்பில்லை.

இந்த நன்மையை முதன்முதலில் சுற்றுலாக் கரவனுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், விமானத்துறையின் முன்னோடியான கிளென் கர்டிஸ் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1920களின் இறுதியில் அவர் 'ஏரோகார்' என்ற கரவனை உருவாக்கினார். இழுக்கும் காரின் பின்புறத்தில் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்கையாக வைத்து, அதன் நடுவே கரவனின் முளையை இறக்கினார். குலுக்கலை டயர் வாங்கிக்கொண்டது. ஐந்தாம் சக்கரம் அங்கே உண்மையாகவே ஒரு சக்கரமாக இருந்தது!

இழுப்பது வேறு, சுமப்பது வேறு

இனி விலையைப் பார்ப்போம். எந்த நன்மையும் இலவசமாக வருவதில்லை.

குண்டில் கொளுவும் கரவன் தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீதத்தை மட்டுமே கெப்பின் மீது இறக்குகிறது. ஐந்தாம் சக்கரக் கரவனோ நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வீதம் வரை இறக்குகிறது. கணக்குக்கு இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது கரவனின் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் கெப் இழுக்கவில்லை, முதுகில் சுமக்கிறது. இதனை முளைப்பாரம் என்று சொல்வோம்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இழுவைச் சக்தி. போர்ட் ரேஞ்சருக்கு 7,500 இறாத்தல், கொலராடோவுக்கு 7,700, ரிஜ்லைனுக்கு 5,000 என்று, உரிய உபகரணங்கள் பொருத்திய நிலையில் உள்ள உச்ச அளவுகளைச் சொல்வார்கள். (ஒரு கிலோவுக்கு 2.2 இறாத்தல் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 7,500 இறாத்தல் என்பது ஏறத்தாழ 3,400 கிலோ.) இந்த எண்கள் பொய்யல்ல. பெரும்பாலான கம்பனிகள் வாகனப் பொறியியலாளர்களின் பொதுவான பரீட்சை முறையொன்றைப் பின்பற்றியே அவற்றைக் கணிக்கின்றன. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கட்டின் அருகிலிருந்து தொடங்கும் ஏறத்தாழ 11 மைல் நீளமான மலையேற்றம் அந்தப் பரீட்சைக்குப் பெயர்போனது. கடும் கோடையில், குளிரூட்டியை முழு அளவில் ஓடவிட்டு, பாரத்தையும் இழுத்துக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறவேண்டும். வன்மையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் கெப்புக்குள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் தெரியுமா? இரண்டே பேர். ஆளுக்கு 150 இறாத்தல், அதாவது 68 கிலோ. பின்னாசனத்தில் பிள்ளைகள் இல்லை. அரிசி மூட்டை இல்லை, விறகு இல்லை, சைக்கிள் இல்லை.

குடும்பத்தோடு புறப்படும்போது கணக்கு மாறுகிறது. இங்கேதான் கதவோரத் தாள் முக்கியமாகிறது. அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு கெப்பிலும், சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு கூடிய சிறிய தாளொன்றைக் காணலாம். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். சாரதியின் எடையும் அதற்குள் அடக்கம். ஒரே பெயரில் வரும் இரண்டு கெப்களில்கூட இந்த எண் வேறுபடும். ஏனெனில் நான்கு சக்கர இயக்கம், தோல் ஆசனம், கூரைக் கண்ணாடி என்று கூடக்கூட வண்டியின் சொந்த எடை ஏறுகிறது. சுமக்கும் அளவு இறங்குகிறது. விலை கூடிய ரகமே குறைவாகச் சுமக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தாளில் 1,200 இறாத்தல் என்றிருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். கணவன் 180, மனைவி 150, இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 120; மொத்தம் 450. பின்பெட்டியில் பொருத்தும் பூட்டுத்தட்டும் அதன் தாங்கிகளும் 120. கருவிப்பெட்டி, கதிரைகள், விறகு ஆகியன 80. ஆக 650 போய்விட்டது. எஞ்சியிருப்பது 550 இறாத்தல் மாத்திரமே. அது கரவனின் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்க வேண்டுமாயின், கரவன் 2,750 இறாத்தலைத் தாண்டக்கூடாது.

விற்பனையாளரோ 4,500 இறாத்தல் கரவனைக் காட்டி, "உங்கள் கெப் 6,500 இழுக்கும், இது எம்மாத்திரம்?" என்கிறார். அதன் முளைப்பாரம் 900. உங்களிடம் மிஞ்சியிருப்பது 550. இயந்திரம் முனகாமல் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் பின் அச்சும், டயர்களும், ஸ்பிரிங்குகளும், பிரேக்கும் 350 இறாத்தல் கூடுதலாகச் சுமந்துகொண்டு ஓடும். இழுவைச் சக்தி தீர்வதற்கு வெகுமுன்னரே சுமக்கும் சக்தி தீர்ந்துவிடுகிறது. நடுத்தரக் கெப்பில் ஐந்தாம் சக்கரத்தைப் பூட்ட நினைப்பவர் மனதில் வைக்க வேண்டிய விடயம் இதுவே.

வேடிக்கை என்னவென்றால், அதே 4,500 இறாத்தல் எடையில் குண்டில் கொளுவும் கரவனை எடுத்தால், நூற்றுக்குப் பன்னிரண்டு வீதக் கணக்கில் 540 இறாத்தல்தான் கெப்பில் இறங்கும். அதற்கான கொளுவியும் பூட்டுத்தட்டைவிட இலேசானதுதான். ஒருவாறு தாளின் எல்லைக்குள் வந்துவிடும். எனவே ஆட்டம் குறைந்தது என்பதற்காக ஐந்தாம் சக்கரமே எப்போதும் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. கெப்பின் முதுகு அதற்குப் போதுமா என்பதைப் பொறுத்தது.

சிலர் இதற்கொரு குறுக்கு வழி சொல்வார்கள். பின் ஸ்பிரிங்குகளுக்கிடையே காற்றுப் பைகளைப் பொருத்தினால் கெப் தாழாமல் நிமிர்ந்து நிற்குமாம். நிமிர்ந்து நிற்பது மெய்தான். ஆனால் அச்சின் வலுவோ, டயரின் வலுவோ, பிரேக்கின் அளவோ அதனால் ஒரு இறாத்தல்கூட ஏறுவதில்லை. தாளிலுள்ள எண்ணும் மாறுவதில்லை. கூன் தெரியாமல் சட்டை போட்டதைப் போலத்தான் இது.

முட்டைக் கரவன்கள்

அப்படியானால் நடுத்தரக் கெப்புக்கு ஏற்ற ஐந்தாம் சக்கரக் கரவன் இல்லையா? உண்டு, ஆனால் மிகச் சில. அமெரிக்கக் கரவன்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரிலும் சுற்றுப்புறத்திலும் உற்பத்தியாகின்றன. அங்கே செய்யப்படும் ஐந்தாம் சக்கரங்களோ பெரும்பாலும் பெரிய கெப்களை மனதில் வைத்தவை. சிறியவற்றைத் தேடினால் பைபர்கிளாஸ் கரவன்களிடம்தான் போகவேண்டும்.

இவற்றின் கதை சுவையானது. 1968 இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர், மேலோடு ஒன்று கீழோடு ஒன்றாக இரண்டே அச்சுகளில் வார்த்து, நடுவில் பொருத்தி, சிறு கரவன் ஒன்றைச் செய்தார். பார்வைக்குப் போலர் தொப்பியைப் போலிருந்ததால் 'போலர்' என்றே பெயரிட்டார். நமது மீனவர்களின் பைபர்கிளாஸ் படகு எப்படியோ அப்படியே இதுவும்: மரச்சட்டம் இல்லை, கூரையில் ஒட்டு இல்லை, எனவே மழைநீர் ஒழுகி உக்கிப்போகும் தொல்லை குறைவு. எடையும் குறைவு. முட்டை வடிவில் இருப்பதால் 'முட்டைக் கரவன்' என்றும் செல்லமாக அழைக்கிறார்கள். இந்த வழியில் வந்ததுதான் மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் 'ஸ்காம்ப்'. அதன் 19 அடி நீளமான ஐந்தாம் சக்கர ரகம் வெறுமையாக ஏறத்தாழ 3,000 இறாத்தலுக்கு உட்பட்டது. கெப்பின் பின்பெட்டிக்கு மேலே நீளும் மூக்கில் படுக்கையை அமைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவக் நகரத்து 'எஸ்கேப்' கம்பனியும் சற்றுப் பெரிய ஐந்தாம் சக்கரமொன்றைச் செய்துள்ளது.

'வெறுமையாக' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? விளம்பரத் தாள்களில் வரும் எடை பெரும்பாலும் அந்த எடைதான். தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, பாத்திரம் பண்டம் இல்லை. முப்பது அமெரிக்க கலன் தண்ணீர் நிரப்பினால் 250 இறாத்தல் கூடிவிடும். தண்ணீர்த் தாங்கி கரவனின் சக்கரங்களுக்கு முன்னால் இருந்தால் முளைப்பாரம் ஏறும். பின்னால் இருந்தால் குறையும். எனவே போகுமிடத்தில் தண்ணீர் கிடைக்குமாயின் வெறுந்தாங்கியோடு புறப்படுவதே புத்தி.

காகிதக் கணக்கோடு நின்றுவிடவும் வேண்டாம். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லொறித் தரிப்பிடங்களில் 'கெட் ஸ்கேல்' என்ற பெயரில் நிறுவைத் தட்டுகள் உள்ளன. அயோவா மாநிலத்தின் வால்கொட் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம் 1977 இல் தொடங்கப்பட்டது. சில டொலர்களைக் கொடுத்தால், முன் அச்சு, பின் அச்சு, கரவனின் அச்சு மூன்றையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டுத் தருவார்கள். கரவனோடு ஒருமுறை, கரவனைக் கழற்றிவிட்டு மறுமுறை நிறுங்கள். ஆட்களும் பொருட்களும் இரண்டு முறையும் அப்படியே இருக்கட்டும். கெப்பின் அச்சுகளில் தெரியும் வித்தியாசமே உண்மையான முளைப்பாரம்.

பொருத்துவதில் சில நுணுக்கங்கள்

கெப்பைச் செய்த கம்பனியின் கையேட்டை முதலில் படியுங்கள். ஐந்தாம் சக்கரம் பூட்டுவதைச் சில கையேடுகள் ஏற்றுக்கொள்வதில்லை. அப்படி எழுதியிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. ஏற்றுக்கொள்ளும் கெப்பாயினும், பூட்டுத்தட்டின் தாங்கிகள் பின்பெட்டியின் தளத்தில் அல்ல, அதனூடாக இறங்கி அடியிலுள்ள செஸியில் இறுக வேண்டும். டக்கோமாவில் 2005 முதல் பின்பெட்டியின் தளம் உலோகமே அல்ல, கலவைப் பொருள். அதை நம்பி எதையும் தொங்கவிட முடியாது.

அடுத்தது நீளம். நடுத்தரக் கெப்களின் பின்பெட்டி ஐந்து அடி அல்லது ஆறு அடி. பின் அச்சுக்கும் சாரதி அறைக்கும் இடையே தூரம் குறைவு. இறுக்கமாகத் திருப்பும்போது கரவனின் மூக்கு, சாரதி அறையின் பின்கண்ணாடியை வந்து முட்டும். இதற்காகவே திருப்பும்போது பின்னே நகரும் பூட்டுத்தட்டுகள் விற்கிறார்கள். ஆனால் அவை பாரமானவை. மேலே போட்ட கணக்கில் அந்தப் பாரமும் உங்களுடையதே. ஆறு அடிப் பெட்டியையும், மூக்கின் மூலைகள் வளைந்த கரவனையும் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து. பெட்டியின் பக்கச் சுவர்களுக்கும் கரவனின் அடிக்கும் இடையே ஐந்தாறு அங்குல இடைவெளியும் வேண்டும். இல்லையேல் மேடுபள்ளத்தில் ஒன்றோடொன்று மோதும்.

கரவனுக்கென்று மின்சாரப் பிரேக் உண்டு. அதைக் கெப்புக்குள்ளிருந்து இயக்கும் கருவியைச் சரியாக அளவிட்டு வைப்பது அவசியம். இரண்டு வண்டிகளும் பிரிந்துபோனால் கரவனின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் சிறிய கம்பியொன்றும் இருக்கும். அதைக் கெப்பில் கொளுவ மறந்தால், அது இருந்தும் பயனில்லை.

வீதியில் இறங்கியதும் முதலில் தெரிவது, கரவன் மூலைகளை உள்ளே வெட்டிக்கொண்டு வருவது. எனவே சந்தியில் வழமையைவிடச் சற்று முன்னே போய்த் திருப்புங்கள். பெற்றோல் நிலையத்தின் தூண்கள் இந்தப் பாடத்தைப் பலருக்குக் கற்பித்திருக்கின்றன. பின்னோக்கிச் செலுத்தும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கரவனின் பின்புறமும் போகும். வேகத்தைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவில் எதை இழுத்துச் செல்லும் வாகனத்துக்கும் மணிக்கு 55 மைலே சட்ட எல்லை. கரவன்களுக்கென்று செய்யும் டயர்களில் பலவும் 65 மைலுக்கு மேல் ஓடத் தகுந்தவையல்ல.

உண்மையான பரீட்சை மலையில்தான். டென்வர் நகருக்கு மேற்கே 70 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப் பாதை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 11,158 அடி உயரம். அங்கே காற்று மெலிந்தது. டேர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று வீதமளவில் வலுவிழக்கும். சுரங்க வாயிலை அடையும்போது மூன்றிலொரு பங்கு போயிருக்கும். ஏறுவது மெதுவானால் பாதகமில்லை, வலப்புற ஓரமாக ஊர்ந்து போகலாம். அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால் மெதுவாகச் செல்வோருக்கு வலது ஓரமே உரியது. பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோன் நகரை நோக்கி, நூறு அடிக்கு ஏழடி என்ற கணக்கில் வீதி இறங்குகிறது. பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்து, வேகத்தை இயந்திரம் பிடித்துக்கொள்ள விட வேண்டும். வேகம் கூடும்போது ஒருமுறை உறுதியாக மிதித்துக் குறைத்து, பின்பு காலை எடுத்து பிரேக்கை ஆறவிட வேண்டும். பிரேக் இழந்த லொறிகள் ஏறி நிற்பதற்காக வீதியோரத்தில் சரளைக்கல் மேடுகள் அமைத்திருக்கிறார்கள். தாளின் எண்ணை மீறி ஏற்றிய 350 இறாத்தல் என்ன செய்யும் என்று கேட்பவருக்கு, அந்த மேடுகளைக் காட்டினால் போதும்.

சமையலுக்கான எரிவாயுச் சிலிண்டரையும் மறவாதீர்கள். எல்லாச் சுரங்கப் பாதைகளும் அதை அனுமதிப்பதில்லை. பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்திலும் அதன் அருகேயுள்ள மக்ஹென்றி கோட்டைச் சுரங்கத்திலும், பத்து இறாத்தலுக்கு மேற்பட்ட சிலிண்டர் வைத்திருப்போர் நுழைய முடியாது, சுற்றுவழியே போகவேண்டும்.

இறுதியாகப் பூட்டும் முறை. பின்கதவைத் தாழ்த்திவிட்டு மெதுவாகப் பின்னே வாருங்கள். கரவனின் அடித்தட்டு பூட்டுத்தட்டைத் தொட்டுச் சற்றே எழும் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்திருந்தால் முளை பிளவுக்குள் புகாமல் தட்டின் மேலேயே ஏறி நிற்கும். பூட்டியதுபோலத்தான் தோன்றும். கெப் நகர்ந்ததும் கரவன் நழுவி, பெட்டியின் பக்கச் சுவர்களை நசுக்கிக்கொண்டு விழும். எனவே 'டக்' என்ற சத்தத்தை மட்டும் நம்பாமல், மின்விளக்கொன்றைப் பிடித்துக் குனிந்து, தாடை முளையைச் சுற்றி மூடியிருக்கிறதா, தட்டுகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். மின்கம்பியையும் பாதுகாப்புக் கம்பியையும் கொளுவி, கரவனின் முன்கால்கள் இன்னும் நிலத்தைத் தொட்டபடி இருக்கும்போதே, கரவனின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு கெப்பைச் சற்று முன்னே இழுத்துப் பாருங்கள். கரவன் அசையாமல் கெப்பை இழுத்துப் பிடித்தால் பூட்டு சரி. அதன் பின்னர் கால்களை உயர்த்தி, பின்கதவை மூடிவிட்டுப் புறப்படலாம். கழற்றும்போதோ, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கரவனின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பூட்டுக் கைப்பிடியைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.